பதினைந்து சட்டைகளும் ஓர் ஆளும்

தெற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். ஊருக்கும் கடலுக்கும் நடுவே அகலமான காயல். காயலுக்கு அப்பால், கடலை மறித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்த மாதிரி, நீளமாக ஒரு மணல் தீவு. அலையின் அடியை எல்லாம் அந்தத் தீவே வாங்கிக்கொள்வதால், ஊர்ப்பக்கம் தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி சாதுவாகக் கிடக்கும். தீவில் வீடு கிடையாது, கடை கிடையாது. மணலும் கடற்கரையும்தான். அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கத்தான் விடுமுறை நாட்களில் வெளியூர் ஆட்கள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்குவார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பக் கூட்டிவருகிற படகுக்காரர்களில் மூத்தவரைத் துறையில் எல்லோரும் கப்பல்காரர் என்பார்கள்.

கப்பலெல்லாம் இல்லை. மேலே துணிக்கூரை போட்ட ஒரு மரப்படகு, பின்னால் ஓர் இயந்திரம், அவ்வளவுதான். வாங்கிய புதிதில் யாரோ "என்னண்ணே, புதுப் படகா?" என்று கேட்டதற்கு, "படகு இல்லப்பா, சின்னக் கப்பல்னு சொல்லு" என்றார். போதாதா? பெயர் ஒட்டிக்கொண்டது. கேலிக்கு வைத்த பெயர் என்று தெரிந்தும் அவர் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டார். சட்டை எப்போதும் வெள்ளைதான், அதிலும் மடிப்புக் கலையாதது. படகுக்காரனுக்கு எதற்கு இஸ்திரி என்று கேட்டால், "நாலு பேரு உசுர நம்பி ஏறுறான். ஆளப் பாத்தா நம்பிக்கை வரவேண்டாமா?" என்பார்.

அவரை நம்பலாம்தான். அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. இத்தனை வருஷத்தில் ஒருவரைக்கூட அவர் தொலைத்ததில்லை. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். படகில் பதினைந்து பேர் ஏறலாம். பதினைந்து மிதவைச் சட்டைகள். ஆரஞ்சு நிறம், முதுகில் வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்த எண். ஏறும்போது ஆளுக்கு ஒன்று மாட்டிவிடுவார். தீவில் இறங்கியதும் எல்லோரும் கழற்றிப் படகின் பக்கவாட்டுக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததும் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். கயிற்றில் ஒரு சட்டை தொங்கினால் ஒருவர் வரவில்லை. கயிறு காலியானால் படகு நிறைந்தது, கிளம்பலாம்.

"தலைய எண்ணவே கூடாது. தலை அங்க இங்க நகரும். சட்டைய எண்ணு" என்று மற்றப் படகுக்காரர்களுக்கு வகுப்பு எடுப்பார்.

துறையில் இன்னொரு வழக்கமும் உண்டு. 'நம்ம ஆட்கள்' மிதவைச் சட்டை போடுவதில்லை. இயந்திரம் பார்க்க வருகிறவர், கயிறு மாற்றுகிறவர், உறவுக்காரர்கள் யாராக இருந்தாலும் சட்டை கிடையாது. சட்டை போட்டால் தண்ணீர் தெரியாத விருந்தாளி என்று ஆகிவிடுமாம். இது எங்கே தொடங்கியதோ, யார் தொடங்கினார்களோ, கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

இந்தப் பதினைந்து சட்டைகளையும் வாரம் தவறாமல் துவைத்துக் கொடுப்பது அவருடைய மனைவி. கப்பல்காரர் மாலையில் அவற்றை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். அவர் மனைவி நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்து, மொட்டைமாடியில் நிழலில் உலர்த்தி, அறுந்த வாரைத் தைத்து, கழன்ற பூட்டை மாற்றி வைப்பார். முதுகில் இருக்கும் எண்கள்கூட அவர் வெட்டித் தைத்தவைதான். எந்தச் சட்டைக்கு எந்தத் தோளில் தையல் விடும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் அதில் ஒன்றையாவது அவர் மாட்டிப் பார்த்ததில்லை. தீவுக்கும் போனதில்லை. ஆரம்பத்தில் இரண்டொரு முறை கேட்டிருக்கிறார். "அங்க என்ன இருக்கு? மணல். நம்ம வாசல்ல இல்லாத மணலா?" என்று கப்பல்காரர் சிரித்துவிடுவார். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்று கப்பல்காரர் நினைத்துக்கொண்டார்.

சட்டைகளில் மார்புப் பக்கம் ஒரு சின்னப் பை உண்டு. சில சமயம் அதில் வெளியூர்க்காரர்கள் மறந்துவிட்ட கிளிஞ்சல் கிடக்கும். நகக்கண் அளவு, உள்ளே ஊதா நிறம், நீரில் நனைத்தால் ஒளிவிடும். துவைப்பதற்கு முன் பையைத் துழாவி அவற்றை எடுத்து, சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு வைப்பார். சீசா நிறைந்துவிட்டது. கப்பல்காரர் அதைக் கவனித்ததே இல்லை. தண்ணீர்ச் செம்பு அதன் பக்கத்தில்தான் இருந்தது, தினமும் எடுத்துக் குடித்தார்.

சீசா நிறைந்த வாரத்தில், ஒரு விடுமுறை நாள் காலையில், தூக்குச்சட்டியில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் மனைவி வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்ட?"

"தீவுக்கு. உங்க கப்பல்லதான்."

"இன்னிக்கா? பதினஞ்சும் நிறைஞ்சு போச்சே."

"நான் என்ன உங்க பதினஞ்சுல சேர்த்தியா? ஓரமா உக்காந்துக்கறேன்."

கப்பல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வா வா. முன்னால கயித்துச் சுருள்மேல உக்காந்துக்கோ. ஆடாம இரு" என்றார்.

அன்றைக்கு வந்தது ஒரே குடும்பம். மாமன், மச்சான், சம்பந்தி என்று பதினைந்து பேர். அவர்களுக்குத் தலைவி மாதிரி, குடை அளவு தொப்பி வைத்த ஓர் அம்மாள். படகு நகர்ந்ததும் அந்தத் தொப்பிக்காரம்மா தன் பெரிய பையை முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் நீட்டினார். "இதக் கொஞ்சம் பத்திரமா வெச்சுக்கோம்மா. நனையாம பாத்துக்கோ." கப்பல்காரர் மனைவியும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தொப்பிக்காரம்மா பின்னால் திரும்பி, இயந்திரச் சத்தத்துக்கு மேலே, "இவங்க உங்ககிட்ட வேலை செய்யறவங்களா?" என்று கப்பல்காரரைக் கேட்டார்.

"ம்" என்றார் கப்பல்காரர்.

காதில் சரியாக விழவில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். விழுந்தது. நன்றாகவே விழுந்தது. படகை வளைக்கிற நேரம், விளக்கம் சொல்லச் சோம்பல் என்றும் சொல்லிப் பார்த்தார். அதுவும் பாதிதான். அவர் சட்டை சலவை மடிப்போடு இருந்தது. கயிற்றுச் சுருள்மேல் இருந்தவரின் துணி சாயம் போயிருந்தது. 'என் மனைவி' என்று சொன்னால் தொப்பிக்காரம்மா ஒரு கணம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். அந்த ஒரு கணம் வேண்டாம் என்று இருந்தது. 'ம்' போதும் என்று இருந்தது. முன்னால் இருந்தவர் திரும்பவில்லை. காற்று பின்னாலிருந்து முன்னால்தான் அடித்தது.

தீவில் இறங்கியதும் கப்பல்காரர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "மேடு ஏறி அந்தப் பக்கம் இறங்கினா கடல். வடக்க போனா சங்குக்கரை, கிளிஞ்சல் வேணுங்கறவங்க அங்க போங்க. தெற்க போனா ஆலாப் பறவை கூடு கட்டற இடம், மிதிச்சிடாதீங்க. இந்தத் தீவு எனக்கு உள்ளங்கை மாதிரி. தண்ணி இறங்கறதுக்குள்ள கிளம்பணும். விசில் அடிச்சா வந்துடணும்."

சட்டைகள் கயிற்றில் ஏறின. ஆட்கள் மேட்டில் ஏறி மறைந்தார்கள். அவர் மனைவி பையை மேடு வரைக்கும் சுமந்துபோய்த் தொப்பிக்காரம்மாவிடம் கொடுத்ததைக் கப்பல்காரர் பார்த்தார். பிறகு படகின் நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். எப்போதும் அப்படித்தான். படகை விட்டு நகர மாட்டார், அது பொறுப்பு. பொறுப்புக்கு நடுவே ஒரு தூக்கமும் போடுவார்.

எழுந்து பார்த்தபோது தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. நீளமாக விசில் அடித்தார். மணலை உதறிக்கொண்டு வந்தார்கள், சட்டையை மாட்டிக்கொண்டார்கள். கப்பல்காரர் கயிற்றைப் பார்த்தார். காலி. மாட்டிய சட்டைகளை இன்னொரு முறை எண்ணினார். பதினைந்து. தள்ளிவிட்டு ஏறி, தரை தட்டுவதற்குள் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். "நல்லா ஓட்டறீங்க, ரொம்பப் பொறுப்பு" என்று தொப்பிக்காரம்மா போகிறபோது சொல்லிவிட்டுப் போனார். கப்பல்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

படகைக் கழுவினார். முன்பக்கம் தூக்குச்சட்டி இருந்தது. பசி. துறையில் டிக்கெட் கொடுக்கிற அம்மாளின் அறைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து திறந்தார். 'இன்னிக்கு என்ன, இவ்வளவு வெச்சிருக்கா' என்று நினைத்தார். ஆனாலும் ருசியாக இருந்தது. வழித்துத் தின்றார். பிறகு ஒரு டீ. பிறகு சட்டைகளை மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வெயில் தாழ வீட்டுக்கு நடந்தார்.

வீடு பூட்டியிருந்தது.

கதவைத் தட்டினார். பூட்டைப் பார்த்துக்கொண்டே தட்டினார், அதுதான் வேடிக்கை. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். உள்ளே கண்ணாடிச் சீசாவில் வெயில் பட்டு ஊதாவாகத் தெரிந்தது. அப்போதும் அது என்னவென்று அவர் யோசிக்கவில்லை. கோபம்தான் வந்தது. வேலை முடித்து வருகிற மனுஷன் நடுத்தெருவில் மூட்டையோடு நிற்க வேண்டுமா? "ஆள் எங்க போய்த் தொலைஞ்சா? ஒரு சொல்லு சொல்லிட்டுப் போகணும்னு தெரிய வேண்டாம்?" என்று தெருவுக்கே கேட்கச் சத்தம் போட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "யாரத் தேடறீங்க மாமா?"

"உங்க அத்தையத்தான். வீட்டப் பூட்டிட்டு ஊர் சுத்தப் போயிட்டா போல."

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "மாமா, அத்தை காலைல உங்க கூடத்தானே வந்தாங்க? தூக்கு எடுத்துக்கிட்டு..."

கப்பல்காரரின் தோளிலிருந்து மூட்டை நழுவியது. சட்டைகள் வாசற்படியில் சிதறின. வாயில் அந்தச் சாப்பாட்டின் ருசி இன்னும் இருந்தது. இரண்டு பேர் சாப்பாடு.

"மாமா, அத்தைய அங்கயே..." என்று அந்தப் பெண் கேட்டு முடிப்பதற்குள் அவர் தெருவில் இறங்கி ஓடினார். வெள்ளைச் சட்டை போட்ட அந்த மனுஷர் ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. "என்னாச்சு, என்னாச்சு" என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். என்ன சொல்வது? மனைவியைக் காணோம் என்றா? காணாமல் போகவில்லையே. வைத்த இடத்தில்தானே இருக்கிறார்!

துறையில் தண்ணீர் வற்றி, சின்னக் கப்பல் சேற்றில் பக்கவாட்டாகச் சாய்ந்து கிடந்தது. இனி ராத்திரி தண்ணீர் ஏறினால்தான் அது நகரும். தீவில் விளக்கு கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. இருட்டுவதற்குள் போக ஒரே வழிதான் இருந்தது. நண்டு.

நண்டு என்பது ஒரு படகுக்காரருக்குப் பெயர். சேறானாலும் சகதியானாலும் தன் தட்டைப் படகைக் கோல் ஊன்றிப் பக்கவாட்டில் நகர்த்திக் கொண்டுபோய்விடுவார். அந்தப் படகை வருஷக்கணக்காகத் 'தொட்டி' என்று சொல்லிச் சிரித்தவர் கப்பல்காரர்தான். "உன் தொட்டில குளிக்கலாம், போக முடியாதுப்பா" என்று வெளியூர் ஆட்கள் முன்னாலேயே சொல்லியிருக்கிறார்.

நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கப்பல்காரர் எதிரே போய் நின்று மூச்சு வாங்கினார்.

"உன் தொட்டிய... உன் படக எடுக்கணும்ப்பா. தீவுக்கு."

"தண்ணியில்லாத நேரத்துல என்னண்ணே? எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ம்... ஆமா."

"சட்டையா? உங்க கணக்குத் தப்பாதே!"

"சட்டை எல்லாம் இருக்கு." அவர் மணலைப் பார்த்தார். "உங்க அண்ணிய."

நண்டு சிரிக்க வாயைத் திறந்தவர், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வலையைக் கீழே போட்டார். டிக்கெட் கொடுக்கிற அம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியது இருவருக்கும் தெரிந்தது. "ஏறுங்கண்ணே" என்றார் நண்டு. அவ்வளவுதான். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கோல் ஊன்றி ஊன்றிப் போனார்கள். சேற்றில் கொக்குகள் நின்றன. வழி முழுக்கக் கப்பல்காரர் எழுந்து நின்றுகொண்டே வந்தார். மேட்டின் மேல் யாராவது தெரிகிறார்களா என்று பார்த்தார். யாரும் தெரியவில்லை.

இறங்கியதும் நண்டு கேட்டார்: "எந்தப் பக்கம் இருப்பாங்க? தீவு உங்களுக்கு உள்ளங்கையாச்சே."

கப்பல்காரர் தனக்குத் தெரிந்த பாதையில் மேடு ஏறினார். அது முள்ளில் போய் முடிந்தது. எத்தனை வருஷத்துக்கு முன் நடந்த பாதை! மணல் நகர்ந்து, மேடு இடம் மாறி, பாதை இருந்த இடத்தில் புதர் நின்றது. துண்டு முள்ளில் மாட்டிக்கொண்டது, சட்டை கிழிந்தது. "இப்படி வாங்கண்ணே" என்று நண்டு வேறொரு பக்கம் காட்டினார். அடும்புக் கொடி படர்ந்த சரிவு. ஏறி நின்றால் முழுக் கடலும் ஒரே இரைச்சலாக முன்னால் வந்து நின்றது. கப்பல்காரர் ஒரு கணம் திகைத்துவிட்டார். தினமும் இதன் முதுகுப் பக்கம்தானே படுத்துக்கிடந்தோம் என்று தோன்றியது.

கரையில் காலடிகள் நிறைய. குடும்பம் முழுக்க மிதித்துக் குழப்பிய மணல். வடக்கே போகப் போக அவை குறைந்து, கடைசியில் ஒரே ஒரு ஜோடித் தடம் மட்டும் தனியாகப் போனது. வெறுங்கால். நண்டு குனிந்து பார்த்தார். "அண்ணிக்கு இடது கால்ல ஏதாவது வலியாண்ணே? தடம் இழுத்துக்கிட்டுப் போகுது."

இடது கால் தடத்தின் பின்னால் மணலில் ஒரு கோடு. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு. எப்போதிருந்து? கப்பல்காரருக்குத் தெரியவில்லை. "ம்" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, "தெரியலப்பா" என்றார்.

தடத்தின் பின்னாலேயே போனார்கள். சங்குக்கரை வர வேண்டிய இடத்தில் கரையே இல்லை. கடல் உள்ளே புகுந்து தீவை அறுத்துவிட்டிருந்தது. தண்ணீர் சுழித்துக் காயலுக்குள் ஓடியது. இன்று காலையும் இதைத்தான் அவர் கை நீட்டிக் காட்டி, கிளிஞ்சல் வேண்டுமென்றால் போங்கள் என்றார். யாரும் திரும்பி வந்து இல்லையே என்று சொன்னதில்லை. படகுக்காரரிடம் எதற்கு வம்பு என்று விட்டிருப்பார்கள்.

தடம் அங்கே கொஞ்ச நேரம் நின்றிருந்தது. பிறகு திரும்பி, அறுப்பின் ஓரமாகவே போய், புதிதாகக் கடல் ஒதுக்கிய ஒரு மணல்நாக்கின் மேல் ஏறியது. அந்த நாக்கின் நுனியில், எங்கிருந்தோ மிதந்து வந்து ஒதுங்கிய பழைய மிதவை உருளை ஒன்றின் மேல் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் துணி முனையில் ஏதோ முடிந்திருந்தது. முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது.

நண்டு பின்தங்கிவிட்டார். கப்பல்காரர் மட்டும் போய் எதிரே நின்றார்.

அவர் மனைவிதான் முதலில் பேசினார். "சாப்பிட்டீங்களா?"

இதற்குப் பதிலாக அவர் நான்கு அறை அறைந்திருக்கலாம்.

"சாப்பிட்டேன்" என்றார் கப்பல்காரர். குரல் கீழே போய்விட்டது. "ரெண்டு பேருதையும்."

"நல்லது. கெட்டுப் போயிருக்கும்."

"மறந்துட்டேன். கயிறு காலியாயிருந்துச்சு. பதினஞ்சும் சரியா..."

"தெரியும். நான் பாத்தேன்."

"என்ன பாத்த?"

"விசில் கேட்டுச்சு. வந்தேன். மேட்டு மேல நின்னேன், உங்களுக்கு நேரா. கீழ நீங்க எண்ணிக்கிட்டிருந்தீங்க. எண்ணட்டும், முடிச்சிட்டு நிமிர்ந்து பாப்பாருன்னு நின்னேன். நீங்க முதுகெல்லாம் தொட்டுத் தொட்டு எண்ணினீங்க. நான் தெச்ச எண்ணுதான் எல்லாம். அப்புறம் படகத் தள்ளிவிட்டுட்டீங்க."

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

"குடுத்திருக்கலாம்." அவர் கடலைப் பார்த்தார். "வாய் வரல. குரல் குடுத்துத்தான் உங்களுக்கு என்னத் தெரியணுமான்னு இருந்துச்சு. நான் புடிவாதக்காரின்னு உங்களுக்குத் தெரியுமே."

கப்பல்காரர் மணலில் உட்கார்ந்தார். முள் கிழித்த வெள்ளைச் சட்டையில் ஈர மணலும் அப்பியது.

"மறதிய விடுங்க. வயசாகுது, வேலை, தண்ணி இறங்குது, ஆயிரம் இருக்கும். அந்த அம்மா கேட்டாங்களே, வேலை செய்யறவங்களான்னு. அதுக்கு 'ம்'னீங்களே. அது எந்த மறதி?"

கடல் இரைந்தது. ஆலாக்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிட்டன. கப்பல்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. இருந்த சமாதானங்களெல்லாம் முன்பே அவர் தனக்குச் சொல்லிப் பார்த்து, தனக்கே ஒட்டாதவை.

"வேலைக்காரின்னு சொன்னதுல எனக்கு வருத்தமில்ல. வேலை செய்யறவதானே நான். உங்க வெள்ளைச் சட்டையோட சேர்த்துப் பதினாறையும் நான்தான் துவைக்கறேன்" என்றார் அவர் மனைவி. "உங்களுக்கு என்னப் பாத்து வெக்கமா இருந்துச்சு பாருங்க. அதத்தான் உக்காந்து யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"உன்னப் பாத்து இல்ல" என்று தொடங்கினார் கப்பல்காரர். பொய் என்று அவருக்கே தெரிந்தது. நிறுத்திக்கொண்டார். "ஆமா" என்றார். "இருந்துச்சு. இப்ப அத நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு."

அவர் மனைவி எழுந்தார். இடது கால் மடங்க மறுத்தது. கப்பல்காரர் கை நீட்டினார். மனைவி அந்தக் கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை, உருளையைப் பிடித்துக்கொண்டு தானே நின்றார். "கிளிஞ்சல் இங்கதான் ஒதுங்குது. உங்க சங்குக்கரையில இல்ல. அந்தக் கரையவே கடல் தின்னுடுச்சு. இனிமே வெளியூர் ஆளுங்களுக்குப் பொய் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

நண்டு தன் படகில் இருந்த ஒரே பழைய மிதவைச் சட்டையை எடுத்து நீட்டினார். "போட்டுக்கங்க அண்ணி." நம்ம ஆளுக்குச் சட்டை எதற்கு என்று நண்டு கேட்கவில்லை. கப்பல்காரர் மனைவி வாங்கி, பூட்டை ஒரே சொடுக்கில் மாட்டி, "வார் அறுந்திருக்கு. குடுத்து விடுங்க, தெச்சுத் தரேன்" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் துறைக்கு வந்தார்கள். ஆட்கள் கூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண், டீக்கடைக்காரர், படகுக்காரர்கள், எல்லோருக்கும் முன்னால் டிக்கெட் கொடுக்கிற அம்மாள்.

"என்னக்கா, கப்பல் உங்கள விட்டுட்டு வந்துடுச்சாமே! கப்பல்காரருக்குச் சட்டைதான் சொந்தம், சம்சாரம் சும்மாவா?" சுற்றிலும் சிரிப்பு.

அவர் மனைவி படகிலிருந்து இறங்கிக்கொண்டே, கூட்டத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவர் ஒண்ணும் விடல. நான்தான் நல்லா சுத்திப் பாக்கணும், சாயங்காலமா வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன்."

கூட்டத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. டிக்கெட்காரம்மா விடவில்லை. கப்பல்காரர் பக்கம் திரும்பினார். "அப்படியாண்ணே?"

ஒரு 'ம்' போதும். கூட்டம் கலைந்துவிடும். பெயர் தப்பிக்கும். நாளைக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்பு எடுக்கலாம். கப்பல்காரரின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. அந்த எழுத்துக்கு உதடு ஒட்டினாலே போதும், மேலே ஒரு சிரமமும் இல்லை. அவர் மனைவி நின்றார். திரும்பவில்லை. காலையில் படகின் முன்பக்கம் எப்படி உட்கார்ந்திருந்தாரோ அதே முதுகு.

"இல்ல" என்றார் கப்பல்காரர். "அவ சொல்றது எனக்காக. நான் விட்டுட்டுத்தான் வந்தேன். மேட்டு மேல நின்னா. நான் நிமிர்ந்தே பாக்கல. அவ சாப்பாட்டையும் சேர்த்துத் தின்னுட்டு, வீட்டு வாசல்ல போய் அவளத்தான் திட்டினேன்." மூச்சு வாங்கியது. "போறப்ப ஒரு அம்மா, இவங்க உங்ககிட்ட வேலை செய்யறவங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

இந்தக் கடைசியை யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காயலைப் பார்த்தார்கள். டிக்கெட்காரம்மா தன் அறையைப் பூட்டப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து "வாங்க அத்தை" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை அவர் மனைவி பிடித்துக்கொண்டார். கப்பல்காரர் பின்னால் நடந்தார். இழுத்து வைக்கிற இடது காலைப் பார்த்துக்கொண்டே நடந்தார். வீட்டு வாசற்படியில் சட்டைகள் சிதறிக் கிடந்தன. அவர் அவற்றைப் பொறுக்கினார். அன்றைக்கு அவரே துவைத்தார். சரியாக உப்புப் போகவில்லை.

பேச்சு அந்த வாரம் முழுக்க அளவாகத்தான் இருந்தது. துறையில் கேலி அளவில்லாமல் இருந்தது. "என்ன கப்பல்காரரே, வீட்ல எல்லாரும் இருக்காங்களா, எண்ணிட்டீங்களா?" என்று காலையும் மாலையும் கேட்டார்கள். அவர் காலரை நிமிர்த்தவில்லை.

அடுத்த விடுமுறை நாளில், வெளியூர் ஆட்கள் வரிசையாக நின்றபோது, வரிசையின் கடைசியில் அவர் மனைவியும் வந்து நின்றார். தூக்குச்சட்டி கையில். கப்பல்காரர் அன்றைக்குப் பதினான்கு பேருக்குத்தான் டிக்கெட் கொடுக்கச் சொல்லியிருந்தார். மனைவி கேட்காமலே செய்த காரியம். பதினைந்தாவது சட்டையை எடுத்து நீட்டினார். அவர் மனைவி அதைத் திருப்பி முதுகைப் பார்த்து, தான் தைத்த எண்ணை ஒரு முறை தடவிவிட்டு மாட்டிக்கொண்டார்.

"இவங்க யாரு, வழிகாட்டியா?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார்.

"என் மனைவி" என்றார் கப்பல்காரர். "தீவுல எங்க என்ன இருக்குன்னு அவங்களக் கேளுங்க. எனக்குத் தெரியாது."

அன்றைக்கு அவர் படகைக் கட்டிவிட்டு, கடைசி ஆளாக மேடு ஏறிப் பின்னாலேயே போனார். திரும்பும்போது கயிற்றைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, வாய்விட்டு எண்ணினார். பதினான்கு வரைக்கும் சத்தமாக வந்தது. கடைசியாகக் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்ததும் எண்ணிக்கை நின்றுவிட்டது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"சொல்லுங்க" என்றார் அவர் மனைவி, மடியில் முடிந்த கிளிஞ்சலை இறுக்கிக்கொண்டு. "தண்ணி இறங்குது."